மழை தந்த பாட்டு

சுவிட்சர்லாந்து நாட்டின் மேற்கெல்லையில், பனிமலைகள் சூழப் பிறை வடிவாய் விளங்குவது ஜெனீவா ஏரி. அதன் பரப்பு ஏறத்தாழ 580 சதுரக் கிலோமீட்டர். ஆழம் சில இடங்களில் 300 மீட்டருக்கும் மேற்பட்டது. 1816ஆம் ஆண்டு ஜூன் மாதத்தின் பிற்பகுதியில், அவ்வேரியைப் படகிலேறிச் சுற்றிவரப் புறப்பட்டனர் ஆங்கிலக் கவிஞர் இருவர். மூத்தவர் பைரன், அவருக்கு வயது 28. இளையவர் ஷெல்லி, அவருக்கு வயது 23. இருவரும் நேரில் அறிமுகமாகி ஒரு திங்களே ஆகியிருந்தது. ஆயினும், பன்னாள் பழகியவரைப் போல அவர்கள் நட்புக் கொண்டிருந்தனர்.

அவ்வாண்டு கோடையே வாராத ஆண்டாயிற்று. வெயில் காயவேண்டிய மாதங்களில் குளிரும் மழையும் ஐரோப்பாவை வாட்டின. பயிர்கள் அழுகின, உணவுப் பொருள்களின் விலை ஏறிற்று. இதற்குக் காரணம் யாது என அன்றைய மக்கள் அறிந்திலர். இந்தோனேசியாவின் சும்பாவாத் தீவிலுள்ள தம்போரா எரிமலை, 1815ஆம் ஆண்டு ஏப்ரலில் வெடித்துக் கக்கிய நுண்பொருள்கள் வானிற் பரவிக் கதிரவன் ஒளியைத் தடுத்தன என்பதைப் பிற்கால அறிவியலார் கண்டு கூறினர். எங்கோ ஒரு தீவில் எழுந்த தீ, ஜெனீவா ஏரிக்கரையில் மழையாய்ப் பெய்தது!

பயணத்தின்போது ஒருநாள் ஏரியிற் புயல் எழுந்தது. அலைகள் மலையென உயர்ந்தன. படகோட்டி ஒருவன் பாயைத் தளர்த்தவேண்டிய வேளையில் விடாது பற்றியிருந்தான். படகு கவிழும் நிலையை அடைந்தது, சுக்கானும் உடைந்தது, நீர் உள்ளே புகுந்தது. பைரன் நீந்துவதில் வல்லவர். 1810ஆம் ஆண்டில் துருக்கி நாட்டின் டார்டனெல்ஸ் நீரிணையையே நீந்திக் கடந்தவர் அவர். ஷெல்லியோ நீந்த அறியாதவர். நண்பர் இருவரும் மேலங்கியைக் களைந்துவிட்டு, வருவது வருக என்று அமர்ந்திருந்தனர். தம் உயிர் போவதைக் காட்டிலும், தம்மைக் காக்க முயன்று நண்பர் தம் உயிரை இழந்துவிடுவாரோ என்பதே ஷெல்லியின் உள்ளத்தைப் பெரிதும் வருத்தியது. நற்பேறாகப் படகு சேன் ஜிங்கால்ஃப் என்னும் துறையை அடைந்தது. அனைவரும் உயிர் பிழைத்தனர்.

பின்னர் அவர்கள் சில்லான் கோட்டையைக் கண்டனர். ஏரியினுள் நீட்டிய பாறைமேல் எழுந்தது அக்கோட்டை. அதன் அடித்தளத்தில் தூண்கள் நிரலாக நிற்கும் இருண்ட சிறைக்கூடம் ஒன்று உண்டு. ஜெனீவா நகரின் உரிமைக்காகச் சவாய்க் கோமகனை எதிர்த்த பொனிவார் என்பவர், 1530ஆம் ஆண்டில் சிறைப்பட்டு இக்கோட்டைக்குக் கொணரப்பட்டார். அவர் இறுதி நான்கு ஆண்டுகளை அவ்விருட்கூடத்தில் தூணொன்றிற் பிணிக்கப்பட்டுக் கழித்தார். 1536ஆம் ஆண்டில் பெர்ன் நகரத்துப் படை கோட்டையைக் கைப்பற்றிய பின்னரே அவருக்கு விடுதலை கிட்டியது. இவ்வரலாறு கேட்ட கவிஞர் இருவர் உள்ளமும் கனத்தது.

அங்கிருந்து புறப்பட்டு, லோசான் நகரையடுத்த ஊஷி என்னும் துறையை அடைந்தபோது மழை பிடித்துக்கொண்டது. ஒருநாளன்று, இருநாள் படகைச் செலுத்த இயலவில்லை. துறையருகே இருந்த விடுதியில் அவர்கள் தங்கினர். மழை சிறிது விட்டபொழுது லோசான் சென்று, வரலாற்றாசிரியர் கிப்பன் வாழ்ந்த இல்லத்தைப் பார்த்தனர். ரோமப் பேரரசின் வீழ்ச்சியை உரைக்கும் தம் பெருநூலைக் கிப்பன் 1787ஆம் ஆண்டில் முடித்த இடம் அது. பைரன் அவர் நினைவாக அங்கிருந்து சில இலைகளைப் பறித்துக்கொண்டார். ஷெல்லி பறிக்கவில்லை. ரூசோவே கிப்பனினும் பெரியவர் என்பது அவர் கருத்து. ஆயினும், இக்கருத்து வேற்றுமை அவர்கள் நட்பைச் சிறிதும் குறைக்கவில்லை. அன்று சிறுபொழுதே தோன்றிய வெயிலில் ஷெல்லி துறைமேடைமீது உலவினார். அலை மோதும் ஏரியின் குறுக்கே வானவில் ஒன்று வளைந்து நின்றதைக் கண்டு மகிழ்ந்தார்.

பைரன் விடுதியில் அமர்ந்து எழுதலானார். மழையால் அறைக்குள் அடைபட்டவருக்கு, சங்கிலியால் தூணிற் பிணிப்புண்டவரின் நினைவு வந்தது போலும்! தம் கண்முன்னே தம்பியர் இருவரும் சிறையில் மாளக் கண்ட ஒருவன், தன் துயரைத் தானே கூறுவதாக அப்பாட்டு அமைந்தது. நெடுநாட் சிறையே அவனுக்குப் பழகிய வீடாகிறது. விடுதலை வந்தபோதும் அவன் பெருமூச்சுடனே வெளியேறுகிறான். அடிமை வாழ்வின் கொடுமை, உடலைப் பிணிப்பதில் மட்டும் இல்லை. விடுதலையை விரும்பும் உள்ளத்தையே அது மாற்றிவிடுகிறது. இவ்வுண்மையை உணர்த்தும் அப்பாட்டு, 'சில்லான் கைதி' என்னும் பெயருடன் அவ்வாண்டு டிசம்பரில் வெளிவந்தது. பாட்டை எழுதியபோது பொனிவாரின் வரலாற்றைத் தாம் நன்கு அறிந்திலர் என்பதைப் பைரன் மறைக்கவில்லை. அறிந்திருப்பின் அவர்தம் வீரத்தைச் சிறப்பிக்க முயன்றிருக்கலாம் என்று அந்நூலிலேயே எழுதினார். குறையை ஒப்புதலும் புலமைக்கு அழகே.

ஆறாண்டுகள் சென்றன. 1822ஆம் ஆண்டு ஜூலை 8ஆம் நாள், இத்தாலிக் கடலில் புயலிற் சிக்கி ஷெல்லியின் படகு மூழ்கியது. அன்று நீந்த வல்ல நண்பர் அவர் அருகில் இல்லை. கரையில் ஒதுங்கிய அவருடல் மணல்மேல் எரியூட்டப்பட்டபோது, பைரன் அங்கே துயருடன் நின்றார். இரண்டாண்டுகளில், கிரேக்க நாட்டு விடுதலைப் போருக்குத் துணை செய்யச் சென்ற இடத்தில் அவரும் நோயுற்று மறைந்தார்.

ஊஷித் துறையில் பெய்த மழை, பயணத்தை இருநாள் தடுத்தது. அத்தடையை அவர்கள் வெறுத்துக் கழித்திருப்பின், அந்நாட்கள் வீணாகியிருக்கும். கண்டதை எண்ணவும், எண்ணியதை எழுதவும், நண்பரோடு உரையாடவும் அவற்றைப் பயன்படுத்தியதால், மழை நின்ற பின்னும் பாட்டு நின்றது. தடைப்பட்ட பொழுதும் நம் வாழ்நாளின் ஒரு பகுதியே. அதனைப் பயனுடையதாக்குவது நம் கையில் உள்ளது.