"போதும்" என்று பாட்டி சொன்னபோது



போன வருடம் எங்கள் பாட்டிக்குக் கணையத்தில் புற்றுநோய். கண்டுபிடிக்கும்போதே கல்லீரலுக்கும் பரவிவிட்டது. கீமோ கொடுத்தாலும் சில வாரங்கள்தான் கூடும் என்றார் டாக்டர். பாட்டி, "போதும்யா, என்னை வீட்டுக்குக் கூட்டிட்டுப் போங்க" என்றார்.

அன்று இரவு ஆயர் ஈத்தாம் வீட்டில் பெரிய வாக்குவாதம். "இவ்ளோ வலியில கிடக்கிறதுக்கு ஒரே ஊசியில முடிச்சிடலாமே" என்றார் மாமா. அம்மாவுக்கோ சிகிச்சையை நிறுத்துவதே பாவமாகப் பட்டது. "நீதான் சமய வகுப்பு எடுக்கிறியே, சொல்லு" என்று என்னைப் பார்த்தார்கள். எனக்குப் பதில் தெரியவில்லை. அதன் பிறகு தேடிப் படித்ததுதான் இந்த மாதப் பாடம்.

1. மூன்றையும் பிரித்துப் பார்ப்போம்

கருணைக் கொலை என்ற ஒரே சொல்லில் நாம் மூன்று விஷயங்களைப் போட்டுக் குழப்புகிறோம். ஊசி போட்டு உயிரைப் போக்குவது ஒன்று. பலன் தராத சிகிச்சையை நிறுத்திவிட்டு, நோய் தன் வழியில் போக விடுவது இரண்டாவது. வலியை மட்டும் தணிப்பது மூன்றாவது.

"மூன்றிலும் முடிவு மரணம்தானே?" என்று கேட்கலாம். நானும் கேட்டேன். ஆனால் முதலாவதில் உயிரைப் பறிப்பது நம் கை. மற்ற இரண்டிலும் நோய்தான் காரணம். நம் நோக்கமும் வேறு.

2. நம் சமயம் என்ன சொல்கிறது?

அகிம்சை நமக்கு அடிப்படை. உடலோடு அனுபவித்துத் தீர்க்க வேண்டிய பிராரப்த வினையை இடையில் வெட்டக்கூடாது என்பதால், பெரும்பாலான ஆசாரியர்கள் உயிரைப் போக்குவதை ஏற்பதில்லை. அதே சமயம், போகவேண்டிய உயிரை இயந்திரத்தால் பிடித்து வைப்பதும் தர்மம் என்று சொல்லப்படவில்லை. துன்பத்தைத் தணிப்பது புண்ணியம் என்பதிலும் சந்தேகமில்லை.

இதற்கு நமக்கு நெருக்கமான உதாரணம் சற்குரு சிவாய சுப்பிரமுனியசுவாமி. 1949இல் யாழ்ப்பாணம் யோகர் சுவாமிகளிடம் தீட்சை பெற்றவர், ஹவாயில் ஆதீனம் அமைத்தவர். 2001 அக்டோபரில் அவருக்குப் புற்றுநோய் முற்றிவிட்டது தெரிந்தது. சில நாள் தியானத்திற்குப் பிறகு, வலி தணிக்கும் மருத்துவம் மட்டும் போதும் என்று முடிவெடுத்து, தண்ணீர் மட்டும் அருந்தி உண்ணாநோன்பு இருந்தார். நவம்பர் 12ஆம் தேதி, 74ஆம் வயதில் மகாசமாதி அடைந்தார். இந்த நோன்புக்குப் பிராயோபவேசம் என்று பெயர். மனம் உடைந்தவர் அவசரத்தில் எடுக்கும் முடிவு இதுவல்ல. உடல் இனி பயன்படாத நிலையில், தெளிந்த அறிவோடு, எல்லோருக்கும் அறிவித்து, பெரியவர்கள் துணையோடு, மெதுவாக நடப்பது. வேண்டாம் என்று தோன்றினால் நிறுத்தவும் முடியும்.

இதற்கு நேர் எதிர், தமிழ்நாட்டில் விருதுநகர் போன்ற தென்மாவட்டங்களில் நடந்துவந்த தலைக்கூத்தல். படுக்கையில் கிடக்கும் முதியவருக்கு விடியற்காலையில் எண்ணெய் தேய்த்துக் குளிப்பாட்டி, இளநீரை மேலும் மேலும் கொடுப்பார்கள். ஓரிரு நாளில் உயிர் போய்விடும். வெளியே பாசம் போலத் தெரிகிறது. ஆனால் முடிவெடுத்தது யார்? முதியவரா, பராமரிக்க முடியாத குடும்பமா? அந்தக் கேள்விதான் எனக்குத் தூக்கத்தைக் கெடுத்தது. மாமா கேட்ட ஊசியும் பாட்டி கேட்டதில்லையே!

3. சட்டம்

மும்பை கே.இ.எம். மருத்துவமனைத் தாதி அருணா ஷான்பாக் 1973இல் தாக்கப்பட்டு நினைவிழந்தார். உணவை நிறுத்த அனுமதி கேட்ட மனுவை 2011இல் இந்திய உச்ச நீதிமன்றம் தள்ளுபடி செய்தது. "நாங்கள் பார்த்துக்கொள்கிறோம்" என்று நின்றவர்கள் அங்கிருந்த தாதியர். 2015இல் நிமோனியாவால் அவர் இறக்கும்வரை, ஏறக்குறைய 42 ஆண்டுகள், பார்த்துக்கொண்டார்கள். ஆனால் அதே தீர்ப்பு, கடுமையான நிபந்தனைகளோடு சிகிச்சையை நிறுத்தலாம் என்றும் வழி திறந்தது. 2018இல் ஐந்து நீதிபதிகள், கௌரவமாக இறப்பது உரிமை என்றார்கள்.

நம் மலேசியாவில் ஊசி போட்டு உயிரைப் போக்குவது குற்றம்தான், நோயாளியே சம்மதித்தாலும். 2023இல் தற்கொலை முயற்சி குற்றமல்ல என்று சட்டம் மாறியது. அடுத்தவருக்கு அதில் உதவுவது இன்னும் குற்றமே.

4. பாட்டிக்கு என்ன ஆச்சு?

வீட்டுக்கே கூட்டி வந்தோம். ஹோஸ்பிஸ் தாதி வந்து மார்ஃபின் மருந்து கொடுக்கக் கற்றுக்கொடுத்தார். "இது கொன்னுடுமா?" என்று அம்மா பயந்தார். வலிக்கு ஏற்ற அளவில் கொடுத்தால் கொல்லாது, வலியைத்தான் அடக்கும் என்று பொறுமையாக விளக்கினார். இரண்டாம் நாளே பாட்டி நன்றாகத் தூங்கினார். மூன்றாம் நாள் தேத்தண்ணி கேட்டார். ஊசி பேச்சை அதற்குப் பிறகு மாமா எடுக்கவே இல்லை. ராத்திரி முறை வைத்துப் பக்கத்தில் படுத்தவரும் அவர்தான்.

ஐந்து வாரம் இருந்தார். கடைசி காலையில் நாங்கள் தேவாரம் பாட, கையைப் பிடித்தபடி போனார்.

"முடிச்சிடுங்க" என்று ஒருவர் கேட்டால், முதலில் அவருக்கு வலி தணிந்திருக்கிறதா, பக்கத்தில் ஆள் இருக்கிறதா என்று பாருங்கள். பல நேரம் அவர் கேட்பது மரணம் அல்ல. கோலாலம்பூரில் ஹோஸ்பிஸ் மலேசியா 1991 முதல் இந்தச் சேவையைச் செய்கிறது. பினாங்கிலும் வீட்டுக்கே வரும் ஹோஸ்பிஸ் சேவை உண்டு. கடைசி நிமிடம்வரை காத்திருக்காமல் கேளுங்கள்.

கலந்துரையாட:

1. சிகிச்சையை நிறுத்துவதும் உயிரைப் போக்குவதும் ஒன்றா? உங்கள் காரணம் என்ன?
2. பிராயோபவேசத்துக்கும் தலைக்கூத்தலுக்கும் உள்ள பெரிய வேறுபாடு எது?
3. உங்கள் வீட்டுப் பெரியவர்களிடம் அவர்கள் விருப்பத்தை எப்போதாவது கேட்டிருக்கிறீர்களா? இந்த வாரம் கேட்டுப் பாருங்கள்.