கடைசிக் கூடையும் வரட்டும்

இணையப் பக்கத்தில் எழுத்தும் படமும் அசைவது அழகுதான். ஆனால் எல்லா அசைவும் முடிந்த பிறகே அடுத்த வேலை நடக்க வேண்டும் என்றால் என்ன செய்வது? நான் தவறு விட்டுப் படித்த பாடம் இது.

எங்கள் கினிகத்தேனைக்கு அருகிலுள்ள அபர்டீன் நீர்வீழ்ச்சியின் படத்தை வைத்து ஒரு கவிதைப் பக்கம் செய்தேன். தலைப்பு பக்கவாட்டிலிருந்து வரும். நீர்வீழ்ச்சி மேலிருந்து இறங்கும். எட்டாம் தரத்தில் படிக்கும் தங்கையின் கவிதை படத்தின் மேல் மெல்லத் தோன்றும். மூன்றும் முடிந்ததும் 'உள்ளே செல்க' என்ற பொத்தான் வர வேண்டும். "மூன்று விநாடி கழித்துப் பொத்தானைக் காட்டு" என்று செட்டைம்அவுட் கட்டளையை எழுதினேன். கணினியில் சரியாக ஓடியது.

வீட்டில் வாப்பாவின் பழைய தொலைபேசியில் திறந்தோம். மழை நாள், சிக்னலும் குறைவு. படம் வர முன்பே பொத்தான் வந்துவிட்டது. வாப்பா அதை அழுத்தி உள்ளே போய்விட்டார். "என்ட கவிதை எங்க வாப்பா?" என்று கேட்ட தங்கையின் முகம் வாடிப்போனது.

பிழை எங்கே? நான் நேரத்தை எண்ணினேன். வேலை முடிந்ததா என்று கேட்கவில்லை. கொழுந்து ஏற்றும் லொறி மணிக்கூட்டை மட்டும் பார்த்துப் புறப்பட்டால், தூரத்து மலையிலிருந்து வருபவரின் கொழுந்து கிடந்துவிடும். கடைசிக் கூடையும் நிறுத்து ஏறிய பிறகு புறப்படுவதே முறை.

ஜாவாஸ்கிரிப்டில் இதற்கு வழி உண்டு. அனிமேட் என்ற கட்டளையால் ஓர் அசைவைத் தொடங்கினால், அதற்கு ஃபினிஷ்ட் என்ற பண்பு கிடைக்கும். அது ஒரு புரொமிஸ், அதாவது "முடிந்ததும் சொல்கிறேன்" என்ற வாக்குறுதி. 2015ஆம் ஆண்டின் ஜாவாஸ்கிரிப்ட் தரநிலையில் புரொமிஸ் சேர்க்கப்பட்டது. மூன்று வாக்குறுதிகளையும் ஒரே பட்டியலில் இட்டு புரொமிஸ்.ஆல் என்பதிடம் கொடுத்தேன். மூன்றும் நிறைவேறியதும் அதன் பின்னாலுள்ள தென் பகுதி பொத்தானைக் காட்டுகிறது. எந்த அசைவு முதலில் முடிந்தாலும் கவலையில்லை.

மூன்று விடயங்களைக் கவனியுங்கள். ஒன்று, படமும் கவிதையும் படம் வந்து சேர்ந்த பிறகே அசையத் தொடங்க வேண்டும். அதற்காக எழுதும் சார்பு, அசைவின் வாக்குறுதியை ரிட்டர்ன் மூலம் திருப்பித் தர வேண்டும். மறந்தால் புரொமிஸ்.ஆல் அந்த அசைவுக்காகக் காத்திராது. இரண்டு, ஒரு வாக்குறுதி முறிந்தாலும் தென் பகுதி நடக்காது. ஆகவே படம் வராவிட்டால் கவிதை மட்டுமாவது தோன்றும்படி கேட்ச் பகுதி எழுதினேன். மூன்று, முடிவின்றிச் சுழலும் அசைவைப் பட்டியலில் சேர்க்காதீர்கள். அது முடியப்போவதில்லை, பொத்தானும் வரப்போவதில்லை.

திருத்திய பக்கத்தை மறுநாள் அதே தொலைபேசியில் திறந்தோம். படம் வரச் சற்றுத் தாமதமானது. பொத்தானும் காத்திருந்தது. வாப்பா கவிதையை முழுவதும் வாசித்துவிட்டுத் தங்கையைப் பார்த்துச் சிரித்தார். அதன் பிறகே பொத்தானை அழுத்தினார்.