வாசலில் இருக்கும் வேலைக்காரன்

வேதபாடம்: நெகேமியா 7:1-3, 13:4-9



எருசலேமின் அலங்கம் 52 நாட்களில் கட்டி முடிந்தது. சுற்றிலும் எதிரிகள். அப்படியிருந்தும் ஆட்டுவாசல், மீன்வாசல், குப்பைமேட்டு வாசல் என்று எத்தனையோ வாசல்களைப் பழுதுபார்த்த நெகேமியா, அவற்றில் ஒன்றையாவது கல் வைத்து அடைத்துவிடச் சொல்லவில்லை. கதவு போட்டார், காவலாளரை வைத்தார், வெயில் ஏறும்வரை திறக்கக் கூடாது என்று நேரம் குறித்தார். எபிரெயத்தில் வாசலுக்கு ‘ஷாஅர்’ என்று பெயர். அது ஆள் நடமாடும் வழி மாத்திரமல்ல. வழக்குத் தீர்ப்பதும் கொடுக்கல் வாங்கலும் நடந்த இடம். போவாஸ் ரூத்தின் காரியத்தைப் பேசி முடித்தது பெத்லகேமின் வாசலில்தான் (ரூத் 4). வாசலை அடைத்தால் எதிரி நின்றுவிடுவான். ஊரின் வேலையும் நின்றுவிடும்.

நம் சரீரத்திலும் இப்படி ஒரு வாசல் உண்டு. அதைப்பற்றிய தவறான பயம் நம் தென்காசிப் பகுதியிலும் சிலருக்குக் கேடு செய்தபடியால், இம்மாதம் அதைப் பாடமாக எடுத்துக்கொண்டேன்.

அதன் பெயர் ஏ.சி.இ.2. இது ஒரு என்சைம், அதாவது நொதி. 805 அமினோ அமிலங்கள் கோத்த ஒரு புரதம். இருதயம், சிறுநீரகம், குடல், நுரையீரல் ஆகியவற்றிலுள்ள அணுக்களின் மேற்புறத்தில் இருக்கிறது. நம் இரத்தத்தில் ஆஞ்சியோடென்சின்-2 என்ற ஒரு பொருள் உண்டு. அது இரத்தக்குழாயைச் சுருக்கிப் பிரஷரை ஏற்றும். எட்டு அமினோ அமிலங்களுள்ள அந்தப் பொருளிலிருந்து கடைசி ஒன்றை நம் நொதி வெட்டிவிடும். மிஞ்சிய ஏழும் இரத்தக்குழாயைத் தளர்த்தும். இதுவே அதன் முக்கிய வேலை. இரவும் பகலும் செய்கிறது. 2000-ஆம் ஆண்டில்தான் இதைக் கண்டறிந்தார்கள். இந்த நொதி இல்லாத எலிகளின் இருதயம் பலவீனமாய்த் துடித்தது என்று 2002-இல் ஒரு ஆய்வு வெளிவந்தது.

மறு ஆண்டே வேறொரு செய்தி வந்தது. அப்போது பரவிய சார்ஸ் கிருமி இந்த நொதியைப் பிடித்துக்கொண்டுதான் அணுவுக்குள் நுழைகிறது என்று அமெரிக்காவில் கண்டார்கள். 2019-இன் இறுதியில் தோன்றிய கொரோனா கிருமிக்கும் இதுவே வாசல். சரீரத்துக்கு வேலைக்காரனாக இருப்பது கிருமிக்குக் கைப்பிடியாகிவிட்டது. அதுமட்டுமல்ல, சார்ஸ் கிருமியின் முள் போன்ற புரதம் இந்த நொதியின் அளவையே குறைத்து, நுரையீரல் பாதிப்பை அதிகமாக்குகிறது என்று 2005-இல் எலிகளில் காட்டினார்கள். வாசல்வழியாய் வந்த எதிரி வாசலில் வேலைசெய்தவனையும் அடித்துப்போடுகிறான்.

2020 ஜனவரி 30-ஆம் தேதி இந்தியாவின் முதல் நோயாளி கேரளாவில் கண்டறியப்பட்டார். கேரள எல்லை நமக்கு மிக அருகில். புளியரைச் சோதனைச் சாவடியைத் தாண்டினால் அந்த மாநிலம். அந்த ஆண்டுச் சீசனில் குற்றாலத்தில் தண்ணீர் விழுந்தது, குளிக்க ஆளில்லை. அப்படிப்பட்ட நாட்களில்தான் செல்போனில் ஒரு செய்தி சுற்றியது: பிரஷர் மாத்திரை கொரோனாவை உள்ளே விடும் என்று.

அது முழுக்க வெறும் புரளியும் அல்ல. எனலாப்ரில், ராமிப்ரில், லோசார்டன், டெல்மிசார்டன் போன்ற மாத்திரைகள் இந்த நொதியை அதிகரிக்கச் செய்யலாம் என்று சில மிருகப் பரிசோதனைகள் காட்டியிருந்தன. நொதி கூடினால் வாசலும் கூடுமோ என்று 2020 மார்ச்சில் மருத்துவ இதழ் ஒன்றில் சிலர் கேள்வி எழுப்பினார்கள். கேள்வி நியாயமானது. ஆனால் கேள்வியைப் பதிலாக எடுத்துக்கொண்டு ஜனங்கள் மாத்திரையை நிறுத்தினார்கள். மார்ச் 13-இல் ஐரோப்பிய இருதய மருத்துவர் சங்கமும், 17-இல் அமெரிக்கச் சங்கங்களும் மாத்திரையை நிறுத்தவேண்டாம் என்று அறிவித்தன. அந்த அறிவிப்பு செல்போனில் அவ்வளவு வேகமாய்ச் சுற்றவில்லை.

இலஞ்சிப் பக்கத்துப் பெரியவர் ஒருவரை அந்த நாட்களில் வார்டில் சந்தித்தேன். வலது கை விழுந்துவிட்டது. “ஐயா, அந்த மாத்திரைதான் கிருமிக்குக் கதவத் தெறந்து விடுதாமே, அதான் மூணு வாரமா நிறுத்திட்டேன்” என்றார். அவருக்குக் கொரோனா வரவில்லை. பிரஷர் ஏறிப் பக்கவாதம் வந்தது.

பதில் பிரேசில் நாட்டிலிருந்து வந்தது. அங்கே கொரோனாவினால் மருத்துவமனையில் சேர்ந்த 659 பேரில், ஒரு பாதியினர் இந்த மாத்திரைகளை 30 நாள் நிறுத்தினார்கள். மறுபாதியினர் தொடர்ந்து சாப்பிட்டார்கள். நிறுத்தியவர்களுக்கு எந்த நன்மையும் இல்லை. இது 2021 ஜனவரியில் வெளியாயிற்று. இவ்வகை மாத்திரைகளில் முந்தியதாகிய காப்டோப்ரில் பிறந்ததற்கும் பிரேசிலின் விரியன் பாம்பு ஒன்றின் விஷத்தில் நடந்த ஆராய்ச்சியே காரணம். 1981-இல் அமெரிக்காவில் அதற்கு அனுமதி கிடைத்தது. வெண்கலச் சர்ப்பம் நினைவுக்கு வருகிறது. ஆனாலும் பாடத்தை அந்தப் பக்கம் இழுக்க மாட்டேன்.

இனி, வாசலையே எதிரிக்குக் கண்ணியாக வைத்த கதை. மனிதனுடைய இந்த நொதிக்கான மரபணுவை எடுத்து, ஆய்வகத்தில் வளரும் வெள்ளெலி அணுக்களில் சேர்த்தால், அந்த அணுக்களே மனித நொதியைச் செய்து தரும். சர்க்கரை நோயாளிகளின் இன்சுலினும், ஹைதராபாத்தில் 1997-இல் வெளிவந்த மஞ்சள் காமாலைத் தடுப்பூசியும் இதே வகையான முறையில், நுண்ணுயிர்களைக்கொண்டு செய்யப்பட்டவைதான். அணுவில் ஒட்டாமல் இரத்தத்தில் மிதக்கும் இந்த நொதியைக் கொடுத்தால், கிருமி அதைப் பிடித்துக்கொண்டு ஏமாந்துபோகும் அல்லவா? 2020 ஏப்ரலில் வெளிவந்த ஆய்வில், ஆய்வகத்து அணுக்களில் இது நன்றாகவே பலித்தது. ஆனால் வியன்னாவின் நிறுவனம் ஒன்று நோயாளிகளுக்குக் கொடுத்துப் பார்த்தபோது, எதிர்பார்த்த முக்கிய பலன் கிடைக்கவில்லை என்று 2021-இல் அறிவித்தது. ஊருக்கு வெளியே நட்டுவைத்த போலி வாசலால் ஊர் காக்கப்படவில்லை.

எனினும் அந்தச் செயற்கை நொதி வீணாகவில்லை. 2020-இல் சிங்கப்பூரில் உண்டான ஒரு பரிசோதனையில் அதை ஒரு தட்டில் பூசி, நோயாளியின் இரத்தத்திலுள்ள எதிர்ப்புப் பொருள்கள் கிருமியின் முள்ளை அதில் ஒட்டவிடாமல் தடுக்கின்றனவா என்று பார்க்கிறார்கள். உயிருள்ள கிருமி தேவையில்லை. ஏறக்குறைய ஒரு மணி நேரத்தில் முடிவு தெரியும். தடுப்பூசி நமக்குள் எழுப்பிவிட்டது இந்த எதிர்ப்புப் பொருள்களைத்தான். நெகேமியாவின் வாசல்காவலாளர் இவர்களே என்பேன். வாசல் அப்படியே இருக்கிறது, காவல் பலப்பட்டிருக்கிறது.

13-ஆம் அதிகாரத்தில் தொபியா ஆலயத்து அறை ஒன்றில் குடியேறிவிட்டான். நெகேமியா அவன் தட்டுமுட்டுகளை வெளியே எறிந்தார், அறையைச் சுத்தம் செய்வித்தார், பின்பு காணிக்கைகளையும் ஆலயப் பணிமுட்டுகளையும் திரும்ப அதே அறையில் வைத்தார். தொபியா தங்கினான் என்பதற்காக அறையை இடிக்கவில்லை. சத்துரு ஒன்றைப் பயன்படுத்தினான் என்பதாலேயே அது சத்துருவினுடையதாகிவிடாது. இருதயத்துக்காக வைக்கப்பட்ட நொதி இருதயத்துக்காகவே வைக்கப்பட்டது.

ஒரு காரியம் இன்னும் குழப்பம் உண்டாக்குகிறது. எனலாப்ரில், ராமிப்ரில் சிலருக்கு வறட்டு இருமலைத் தரும். கொரோனா நாட்களில் அந்த இருமலைக் கேட்டு வீடே பயந்தது உண்டு. இருமல் வந்தால் டாக்டரிடம் சொல்லவேண்டும். அவர் வேறு மாத்திரைக்கு மாற்றுவார். கர்ப்பிணிகளுக்கு இவ்வகை மாத்திரைகள் ஆகாது. அதையும் முன்னதாகவே சொல்லிவிட வேண்டும். தானாக நிறுத்துவது எவருக்கும் ஆகாது.

ஜூன் முதல் ஆகஸ்டு வரை குற்றாலத்தில் எண்ணெய் தேய்த்துவிடுகிறவர்களும் பழக்கடைக்காரர்களும் மாத்திரை வாங்க வருவதில்லை. சீசனில் கடையை விட்டு வர நேரமில்லை என்பார்கள். உங்கள் காணிக்கையினால் வாங்கும் பிரஷர் மாத்திரைகளை மே மாதக் கடைசியிலேயே அவர்களுக்கு மூன்று மாதத்துக்கு எண்ணிக் கொடுத்துவிடுகிறோம். அவர்களை ஜெபத்தில் நினைத்துக்கொள்ளுங்கள்.