தொடுதிரைக் கணினி தாமதித்தால்...

லூமுட்டில் எங்கள் வீட்டில் திரையும் இயந்திரமும் ஒன்றாக அமைந்த தொடுதிரைக் கணினி ஒன்று உண்டு. தங்கையின் எஸ்.பி.எம். பயிற்சிகளும் அப்பாவின் கடைக் கணக்கும் அதில்தான். சென்ற விடுமுறையில் அதை முடுக்கிவிட்டுத் தேநீர் கலக்கிக் குடித்த பின்னும் அது தயாராகவில்லை. "புதுசு வாங்கிடலாமா?" என்றார் அப்பா. ஒரு மாத வருமானம் போய்விடுமே! காரணத்தைத் தேடினேன்.

கண்ட்ரோல், ஷிஃப்ட், எஸ்கேப் விசைகளை ஒருசேர அழுத்துங்கள். டாஸ்க் மேனேஜர் திறக்கும். செயலி, நினைவகம், வட்டு ஆகியவற்றின் பயன்பாடு விழுக்காட்டில் தெரியும். எது 100ஐ ஒட்டியே நிற்கிறதோ, சிக்கல் பெரும்பாலும் அங்கேதான்.

எங்களுக்கு அது வட்டு. இவ்வகைக் கணினிகள் பலவற்றில் நிமிடத்திற்கு 5,400 முறை சுழலும் வன்தட்டே இருக்கும். அதன் முனை இடம்விட்டு இடம் நகர்ந்துதான் தகவலைப் படிக்கும். சுழலும் பாகமே இல்லாத எஸ்.எஸ்.டி.யில் அந்தக் காத்திருப்பு இல்லை.

நினைவகம் நிரம்பினால், கணினியோடு தாமே தொடங்கும் மென்பொருள்களை நிறுத்துங்கள். சூடேறினால் செயலி தன் வேகத்தைக் குறைத்துக்கொள்ளும்; காற்றுத் துளைகளில் படிந்த தூசியை அகற்றுங்கள். விரல் படாமலே திரை இயங்கினால், கணினியை அணைத்துவிட்டுத் திரையின் விளிம்பைத் துடையுங்கள்.

செலவு செய்யுமுன் ஒன்று: விண்டோஸ் 10க்கான பொது ஆதரவு 2025 அக்டோபர் 14இல் முடிந்தது. உங்கள் கணினி விண்டோஸ் 11ஐ ஏற்குமா என்று பாருங்கள். பின்னர், கோப்புகளை நகலெடுத்து வைத்துவிட்டு வட்டை மாற்றுங்கள்.

நாங்கள் வட்டை மட்டுமே மாற்றினோம். இப்போது தேநீர் கலக்க நேரமில்லை!