எந்த மலை, எந்த மாதம்: நல்ல தேயிலையைத் தெரிந்தெடுக்க

நுவரெலியாத் தேயிலையை இலங்கைத் தேயிலைகளின் ஷாம்பெயின் என்று வியாபாரிகள் நெடுங்காலமாகப் புகழ்ந்து வருகிறார்கள். அந்தப் புகழ்ச்சியில் பாதி நியாயம். இரண்டுமே ஒரு குறிப்பிட்ட மண்ணுக்கும் குளிருக்கும் உரியவை. வேறிடத்தில் விளைந்தால் அந்தச் சுவை வராது. மறுபாதியை நம்பினால் காசு வீணாகும். உயர்தர ஷாம்பெயின் பெரும்பாலும் ஒரே ஆண்டில் பறித்த திராட்சையில் செய்யப்பட்டு, போத்தலுக்குள் அடங்கிப்போன ஈஸ்டின் மேல் கிடந்து முதிர்கிறது. ஆண்டு குறித்த போத்தல் குறைந்தது 3 ஆண்டுகளாவது முதிர்ந்த பிறகுதான் சந்தைக்கு வரலாம்; டொம் பெரிஞ்ஞோன் போன்றவை 8 ஆண்டுகள் அளவுக்கும் காத்திருக்கும். நம் கறுப்புத் தேயிலையை அப்படிப் பூட்டி வைத்தால் கிடைப்பது பழைய தூள்தான். காலம் அதற்கு நன்மை செய்வதெல்லாம் கொழுந்து செடியில் இருக்கும்வரை. ஆகவே அதன் வயதை விட்டுவிட்டு, எந்த மலையில் எந்த மாதம் பறித்தது என்று கேளுங்கள்.

ஜனவரி முதல் மார்ச் வரை மலையகத்தின் மேற்குச் சரிவில் மழை ஓய்கிறது. பகலில் தெளிந்த வெயில், இரவில் கடுங்குளிர், நடுவே வறண்ட காற்று. கொழுந்து மெல்ல வளர்கிறது. விளைச்சல் குறைகிறது, வாசனை செறிகிறது. ஹட்டன், டிக்கோயா, பொகவந்தலாவை, தலவாக்கலை எல்லாம் அடங்கிய டிம்புள்ள வலயத்தின் சிறந்த தேயிலை இந்த மூன்று மாதத்தில் பிறக்கிறது; நுவரெலியாவுக்கும் இதுவே பெரும் பருவம். கிழக்கே ஊவாவில் கதை தலைகீழ். தென்மேற்குப் பருவக்காற்று மேற்குச் சரிவில் மழையைக் கொட்டித் தீர்த்துவிட்டு, மலை தாண்டி பதுளை, பண்டாரவளைப் பக்கம் காய்ந்த கச்சான் காற்றாக இறங்குகிறது. ஜூலை முதல் செப்டெம்பர் வரை பறிக்கும் ஊவாத் தேயிலையில் மெதில் சலிசிலேட் கூடி நிற்கும். வலித் தைலங்களில் மணக்கும் அதே பொருள்தான். கோப்பையில் அது நாக்கைக் குளிர்விக்கும் ஒரு கூர்மையாக வருகிறது.

பாலில்லாமல் குடிப்பவருக்கு நுவரெலியா. ஆறாயிரம் அடி உயரத்துக் கொழுந்தை நன்றாக வாடவிட்டு அரைப்பதால் சாயம் வெளிறிய பொன்னிறமாகவும் மணம் பூவைப் போலவும் இருக்கும். பால் ஊற்றினால் அத்தனையும் அடங்கிவிடும். பாலும் வேண்டும், மணமும் வேண்டும் என்பவருக்கு டிம்புள்ள. இரண்டில் ஒன்றை மட்டும் வீட்டில் வைக்க முடியுமென்றால் நான் இதையே சொல்வேன். காரமான சுவையை விரும்புபவர் கச்சான் கால ஊவாவைத் தேடட்டும். பி.ஓ.பி., பி.ஓ.பி.எப். என்ற எழுத்துகளைத் தர வரிசையாக எடுத்துக்கொள்ள வேண்டாம். அவை சல்லடையில் பிரித்த துகளின் அளவைச் சொல்பவை. சிறியது சீக்கிரம் சாயம் இறங்கும், அவ்வளவுதான். பொதியில் உள்ள வாளேந்திய சிங்க முத்திரை, உள்ளே இருப்பது முழுக்க இலங்கைத் தேயிலை, இங்கேயே பொதி செய்தது என்பதற்கு உறுதி. பறித்த மாதத்தை அது சொல்லாது.

பல தோட்டத்துத் தூளைக் கலந்து ஆண்டு முழுவதும் ஒரே சுவை தருவதும் ஒரு கலை அல்லவா என்று கேட்கலாம். கலைதான், ஷாம்பெயினிலும் பெரும்பகுதி பல ஆண்டுக் கலவையே. அன்றாடப் பால் தேத்தண்ணிக்கு நல்ல கலவை போதும். ஆனால் கலவையின் வேலையே பருவத்தின் ஏற்ற இறக்கத்தை மறைப்பதுதான். பருவத்தை ருசிக்க விரும்புபவர் அதில் அதைத் தேடக் கூடாது. சீனாவின் பு-எர் தேயிலை ஆண்டுக்கணக்கில் முதிர்கிறதே என்பது இன்னும் வலுவான மறுப்பு. அங்கே நுண்ணுயிர்கள் தொடர்ந்து வேலை செய்கின்றன. நம் தொழிற்சாலையில் கடைசியில் சூடேற்றி உலர்த்தும்போது நொதிகளின் வேலை முடிந்துவிடுகிறது, ஈரம் சுமார் 3 சதவீதத்துக்கு இறங்குகிறது. புதுச்சூடு தணிய ஓரிரு வாரம் தேவைப்படலாம். அதற்குப் பிறகு நடப்பதெல்லாம் மணம் பறப்பதும் ஈரம் ஏறுவதும்.

பருவத் தேயிலை விலை கூடியது என்பதும் மெய். அந்தக் கூடுதல் விலைக்குப் பின்னால் ஓர் உழைப்பு இருக்கிறது. காய்ந்த மாதங்களில் அதே கிலோவை நிறுத்துக் கொடுக்க, கொழுந்து பறிக்கும் பெண் அதிகச் செடிகளைத் தொட வேண்டும்; நிறை குறைந்தால் அரைப்பேர், அதாவது பாதி நாட்கூலி, என்று கணக்கெழுதும் தோட்டங்களில் நல்ல பருவம் அவளுக்கு நட்டமான பருவம். தோட்டத்தின் பெயரை அச்சிட்டு உயர்ந்த விலைக்கு விற்பவரிடம் அதில் பறித்தவளுக்கு என்ன போகிறது என்று கேட்பது வாங்குபவரின் உரிமை; பதில் சொல்பவரிடம் வாங்குங்கள். மேற்குச் சரிவுத் தேயிலையை வாங்க ஏப்ரல், மே மாதங்களும் ஊவாவை வாங்க ஒக்டோபர், நவம்பரும் ஏற்றவை. பொதி செய்த திகதி பறித்த திகதி அல்ல என்பதால் கடைக்காரரிடம் பருவத்தைக் கேட்டே வாங்க வேண்டும். சிறு பொதியாக எடுத்து, மசாலாவுக்குப் பக்கத்தில் வைக்காமல் இறுக மூடிய தகரப் பேணியில் அடைத்து, அடுத்த பருவம் வருமுன் குடித்து முடித்துவிடுங்கள்.