ரவுட்டரா, அக்சஸ் பொயின்டா? வாங்குமுன் ஒரு பாடம்



மேல் கொத்மலை நீர்மின் திட்டத்துக்காகத் தலவாக்கலையில் பல குடும்பங்கள் வீடு மாறின. அத்திட்டம் 2012இல் மின்சாரம் தரத் தொடங்கியது. 2025 நவம்பர் இறுதியில் டித்வா புயலோடு வந்த மண்சரிவுகள் மலையகத்தில் இன்னும் பலரை லயத்தையும் மரக்கறித் தோட்டத்தையும் விட்டு வெளியேறச் செய்தன. போன இடத்தில் கூரை, தண்ணீர், மின்சாரம் ஆகியவற்றுக்கு அடுத்தபடியாக நாம் தேடுவது இணையம். பிள்ளையின் பாடம், வெளிநாட்டில் வேலைசெய்யும் தாயின் முகம், மண்சரிவு எச்சரிக்கை எல்லாம் இன்று அதன் வழியாகவே வருகின்றன.

"பின் காம்பராவில் சிக்னல் இல்லை" என்று கடைக்குப் போகிறோம். இன்னொரு ரவுட்டரை வாங்கி வருகிறோம். குறை அப்படியே இருக்கிறது, காசு மட்டும் போய்விடுகிறது. இப்படி நேராதிருக்க, எந்தக் கருவி எதற்கு என்பதை இவ்விதழில் கற்போம்.

1. பீலியை நினைத்துப் பாருங்கள்

மலை ஊற்றுத் தண்ணீரைக் குழாயில் கொண்டுவந்து தொட்டியில் சேர்க்கிறோம். தொட்டியிலிருந்து வீடுகளுக்குப் பிரித்து விடுகிறோம். ரவுட்டர் அந்தத் தொட்டி போன்றது. வெளியிலிருந்து வரும் இணையத்தை வாங்கி, வீட்டிலுள்ள ஒவ்வொரு போனுக்கும் ஓர் எண் கொடுத்து, உரியதை உரியவருக்கு அனுப்புகிறது. வீட்டு ரவுட்டர்களில் பெரும்பாலும் வை-ஃபையும் சேர்ந்தே இருக்கும்.

அக்சஸ் பொயின்ட் என்பது தொட்டியிலிருந்து குழாய் இழுத்து வேறோர் இடத்தில் வைத்த பீலி. அதற்கெனத் தண்ணீர் இல்லை. தொட்டி வற்றினால் பீலியும் வற்றும். அக்சஸ் பொயின்ட் வாங்குவதால் டேட்டா கூடாது. இருப்பதைத் தூரத்துக்குக் கொண்டுபோகலாம், அவ்வளவுதான்.

2. குறை எங்கே?

போனைக் கையில் எடுத்துக்கொண்டு ரவுட்டருக்குப் பக்கத்தில் நில்லுங்கள்.

அங்கேயும் இணையம் மெதுவாக இருந்தால், குறை வெளியில் இருக்கிறது. டேட்டா முடிந்திருக்கலாம், கோபுரத்தின் சிக்னல் மலையில் மறைந்திருக்கலாம், மாலையில் பலர் ஒரே நேரத்தில் பாவிக்கலாம். இதற்கு அக்சஸ் பொயின்ட் மருந்தல்ல. சிம் போடும் 4ஜி ரவுட்டரானால் அதைக் கோபுரம் உள்ள பக்கத்து ஜன்னலருகே உயரமாக வைத்துப் பாருங்கள். தகரம் சிக்னலை மறைக்கும், எனவே தகரத்தை விட்டுத் தள்ளி வையுங்கள். வேறு நிறுவனத்தின் சிம்மையும் போனில் போட்டுச் சோதித்துப் பாருங்கள்.

ரவுட்டரருகே நன்றாகவும் பின் காம்பராவில் மோசமாகவும் இருந்தால், குறை வீட்டுக்குள் இருக்கிறது. லயத்தின் கற்சுவர்கள் அலையைத் தின்றுவிடும். முதலில் செலவில்லாத வழி: ரவுட்டரை வீட்டின் நடுவே வையுங்கள். 2.4 கிகாஹேர்ட்ஸ் அலை சுவரைத் தாண்டித் தூரம் போகும். 5 கிகாஹேர்ட்ஸ் வேகமானது, ஆனால் சீக்கிரம் தளர்ந்துவிடும்.

கோபுரத்துக்காக ரவுட்டர் ஜன்னலில்தான் இருக்கவேண்டும், பிள்ளையோ மறுகோடியில் படிக்கிறாள் என்றால், அப்போதுதான் அக்சஸ் பொயின்டுக்கு உண்மையான வேலை இருக்கிறது.

3. யாருக்கு எது பொருந்தும்?

தற்காலிக இருப்பிடத்தில் அல்லது உறவினர் வீட்டில் இருப்போர்: சிம் ரவுட்டர் ஒன்று போதும். நிலையான இணைப்புக்குப் பணம் கட்டாதீர்கள். வாங்குமுன் இரண்டு கேள்வி கேளுங்கள்: இடம் மாறினாலும் இது வேலை செய்யுமா? வேறு நிறுவனத்தின் சிம் இதில் ஓடுமா?

இந்திய உதவியில் கட்டப்பட்டவை போன்ற 550 சதுர அடித் தனி வீட்டில் இருப்போர்: நடுவே வைத்த ஒரு ரவுட்டர் பெரும்பாலும் போதும்.

நீண்ட லயத்தில் அல்லது பின்னால் சேர்த்துக் கட்டிய வீட்டில் இருப்போர்: ஒரு ரவுட்டரும், கேபிளால் இணைத்த ஓர் அக்சஸ் பொயின்டும். இந்தக் கேபிள் 100 மீற்றர் வரை போகலாம். கேபிள் இல்லாத ரிப்பீட்டர் மலிவானதுதான். ஆனால் சாதாரண ரிப்பீட்டர் ஒரே அலையில் வாங்கி அதே அலையில் கொடுப்பதால் வேகம் ஏறக்குறையப் பாதியாகும்.

4. பழைய ரவுட்டரை வீசாதீர்கள்

வை-ஃபை வேலை செய்யும் பழைய ரவுட்டரையே பெரும்பாலும் அக்சஸ் பொயின்டாக்கலாம். தகவல் தொழில்நுட்பம் படிக்கும் பிள்ளையைச் செய்யச் சொல்லுங்கள்.

அ. பழையதன் முகவரியை மாற்றுக. பிரதான ரவுட்டர் 192.168.1.1 ஆனால், இதற்கு 192.168.1.250 போல, வேறு கருவிக்குக் கொடுக்கப்படாத எண்ணை இடுக.

ஆ. பழையதில் டி.எச்.சி.பி.யை நிறுத்துக. ஒரு வீட்டில் இருவர் எண் கொடுத்தால் குழப்பமே.

இ. இரண்டிலும் 'லேன்' துளைகளையே கேபிளால் இணைக்க.

ஈ. இரண்டுக்கும் ஒரே பெயரும் கடவுச்சொல்லும் வைக்க. 2.4இல் அலைவரிசை 1, 6, 11 என்பவற்றில் ஒன்றுக்கு ஒன்று, மற்றதற்கு வேறொன்று.

5. கவனிக்க

இடி மின்னல் வருமுன் மின்செருகியையும் கேபிளையும் கழற்றுங்கள். வீட்டுக்கு வீடு வெளியே செம்புக் கேபிளைத் தொங்கவிடாதீர்கள், மின்னல் அதன் வழியே வரும். பெரியப்பா வீட்டோடு இணைப்பைப் பகிர்ந்தால், மாதக் கட்டணத்தில் யார் பங்கு எவ்வளவு, டேட்டா முடிந்தால் என்ன செய்வது என்பதை முதலே பேசி எழுதுங்கள். உறவு முறிவதற்கு டேட்டா ஒரு காரணமாக வேண்டாம்.

கோபுரம் கட்ட நினைப்பவன் முதலில் உட்கார்ந்து செலவைக் கணக்குப் பார்ப்பதைப் பற்றி ஆண்டவர் சொன்ன உவமையை நாம் அறிவோம். எல்லாவற்றையும் புதிதாகத் தொடங்கும் குடும்பத்துக்கு ஒவ்வொரு ரூபாயும் விதைநெல். முதலில் சோதிப்போம், பிறகு இடம் மாற்றி வைப்போம், கடைசியில்தான் வாங்குவோம்.

குழுவில் பேசுவதற்கு:

1. நம் வீட்டில் குறை தொட்டியிலா, பீலியிலா?

2. நம் பகுதியில் பாவிக்காமல் கிடக்கும் பழைய ரவுட்டர்கள் எத்தனை? அவற்றை யாருக்குக் கொடுக்கலாம்?

3. ஆலய மண்டபத்தில் மாலை வகுப்புக்கு ஒரு பொது இணைப்பு வைத்தால், அதை யார் பொறுப்பில் விடுவது?