பரிசலில் எடுத்துப் போக எந்த ரோல் கேமரா?

கேள்வி: ஐயா, எங்கள் ஊர் ஒகேனக்கல்லை ஒட்டிய ஊட்டமலை. அப்பா பரிசல் ஓட்டுகிறார். சுற்றுலா வருகிறவர்கள் வாங்கித் தரும் மீனை அம்மா சமைத்துக் கொடுக்கிறார். இவர்களையும் வீட்டையும் ஆற்றையும் அன்றாடம் படம் எடுக்க ஒரு பழைய ரோல் கேமரா வாங்க ஆசை. சிறியதாக இருக்க வேண்டும், எல்லாவற்றையும் கையால் திருப்பி வைக்கிற ரேஞ்ச்ஃபைண்டராகவும் இருக்க வேண்டும். மாமா தன்னிடம் உள்ள யாஷிகா எலக்ட்ரோ 35-ஐத் தருகிறேன் என்கிறார். நண்பர்களோ கேனன் கேனோனெட்டுக்குக் காசு சேர் என்கிறார்கள். எதை எடுப்பது?

– கல்லூரி மாணவர், ஒகேனக்கல்

பதில்: கையால் திருப்பி வைக்கிற கேமராதான் வேண்டும் என்றால், தம்பி, மாமாவின் யாஷிகா கணக்கில் வராது. 1966-ல் தொடங்கிய எலக்ட்ரோ 35 வரிசையில் லென்ஸ் துவாரத்தை மட்டும்தான் நீங்கள் வைக்க முடியும்; ஷட்டர் வேகத்தைக் கேமராவே தீர்மானித்துக்கொள்ளும். பேட்டரி தீர்ந்துபோனால் எல்லாப் படத்துக்கும் 1/500 நொடிதான். உச்சி வெயிலில் அதை வைத்துச் சமாளிக்கலாம், அம்மாவின் அடுப்படியில் ஒன்றும் விழாது. உடம்பும் பெரிது. ஆனால் லென்ஸ் அருமையானது, மாமா சும்மா கொடுத்தால் வேண்டாம் என்று சொல்லாதீர்கள்.

நீங்கள் தேட வேண்டியவை இரண்டு: 1970-ல் வந்த ஒலிம்பஸ் 35 ஆர்சி, 1972-ல் வந்த கேனோனெட் கியூஎல்17 ஜி-3. இரண்டிலும் ஷட்டர் முழுக்க இயந்திரம். பேட்டரி ஒளிமானிக்கு மட்டுமே. செல் இல்லாமலும் எல்லா வேகமும் ஓடும். கேனோனெட்டின் லென்ஸ் எஃப் 1.7, ஒலிம்பஸுடையது எஃப் 2.8. இந்த 1.7-க்குத்தான் விற்கிறவர்கள் விலையை ஏற்றுகிறார்கள். நீங்கள் எடுக்கப்போவது பெரும்பாலும் பகல் வெளிச்சத்தில், அதற்கு 2.8 தாராளம். கேனோனெட் 600 கிராமுக்கு மேல், ஒலிம்பஸ் ஏறக்குறைய 400 கிராம். நாள் முழுக்கக் கழுத்தில் தொங்கப்போகிற பொருள் என்பதால் என் ஓட்டு ஒலிம்பஸுக்கு. விளக்கு வைத்த பிறகுதான் வீட்டில் அதிகம் எடுப்பேன் என்றால் மட்டும் கேனோனெட். லைக்கா அழகுதான், அந்தக் காசுக்குப் பரிசலே வாங்கலாம்.

பெயரைவிட முக்கியம், கைக்கு வரும் அந்த ஒரு பீஸ் எப்படி இருக்கிறது என்பது. ஐம்பது வயதான கேமரா இது. வ்யூஃபைண்டரின் நடுவே உள்ள சிறு கட்டத்தில் உருவம் இரண்டாகத் தெரியும். வளையத்தைத் திருப்பினால் இரண்டும் ஒன்றின்மேல் ஒன்று அமரும். அந்தக் கட்டம் மங்கிப்போயிருந்தால் வாங்காதீர்கள். வளையத்தை முடிவிலிக் குறியில் வைத்துத் தொலைவில் உள்ள மின்கம்பத்தைப் பாருங்கள், அங்கேயும் உருவம் இரண்டாகவே நின்றால் அளவு தப்பியிருக்கிறது. பின்கதவைத் திறந்து லென்ஸ் வழியே டார்ச் அடித்துப் பாருங்கள். சிலந்திவலை போல ஓடியிருந்தால் பூஞ்சை. ஷட்டர் தகடுகளில் எண்ணெய்ப் பளபளப்பு இருந்தால், இன்றைக்கு ஓடும், நாளைக்கு ஒட்டிக்கொள்ளும். விற்பவர் ‘செல் போட்டால் சரியாகிவிடும்’ என்றால் கும்பிட்டு விட்டு வந்துவிடுங்கள்.

உங்கள் ஊருக்கென்றே ஒரு தொல்லை உண்டு, அது அருவியின் சாரல். ரேஞ்ச்ஃபைண்டரில் நீங்கள் லென்ஸ் வழியாகப் பார்ப்பதில்லை, மேலே உள்ள தனி ஜன்னல் வழியாகப் பார்க்கிறீர்கள். லென்ஸில் ஒரு துளி நீர் நின்றாலும் உங்களுக்குத் தெரியாது. மூடியைக் கழற்ற மறந்தாலும் தெரியாது! அதனால் லென்ஸின் மேல் ஒரு யூவி ஃபில்டரை மாட்டிவிடுங்கள், ஒவ்வொரு படத்துக்கும் முன்னால் அதைத் துடையுங்கள். அருவிக்கு வருகிறவர்களுக்குத் தேய்த்துவிடும் மசாஜ் எண்ணெய் பட்ட கை அதில் படவே கூடாது. பரிசலில் போகும்போது கேமராவை உறையில் இட்டு லைஃப் ஜாக்கெட்டுக்குள் வைத்துக்கொள்ளுங்கள்.

ஒளிமானியையும் அங்கே நம்ப வேண்டாம். வெள்ளை நுரையைப் பார்த்து வெளிச்சம் அதிகம் என்று நினைத்துக்கொள்ளும், அப்பாவின் முகம் கறுத்துப்போகும். இந்த இரண்டு கேமராக்களுக்குமான 1.35 வோல்ட் பாதரசச் செல் இப்போது விற்பனையில் இல்லை. காது கேட்கும் கருவிக்குப் போடும் 675 எண் செல் 1.4 வோல்ட், அதைச் சுற்றி ஒரு ரப்பர் வளையம் போட்டால் நிற்கும். ஆனால் வெயில் கணக்கு தெரிந்தால் அதுவும் தேவையில்லை. 200 ஐஎஸ்ஓ ரோல் போட்டு, நல்ல வெயிலில் 1/500 நொடி, எஃப் 11 வையுங்கள். தொலைவு வளையத்தை 3 மீட்டரில் நிறுத்தினால் சுமார் 2 முதல் 8 மீட்டர் வரை எல்லாம் தெளிவாக விழும். பரிசல் சுற்றும்போது கட்டத்தில் உருவத்தைச் சேர்த்துக்கொண்டிருக்க யாருக்கு நேரம்? தூக்கினோம், அமுக்கினோம் என்று எடுக்கலாம். எதிரே முட்டி இடிக்க உட்கார்ந்திருப்பவரை மட்டும் தூரம் பார்த்து எடுங்கள். 400 ஐஎஸ்ஓ போட்டால் உச்சி வெயிலில் 1/500, எஃப் 16. கேனோனெட் அதற்கு மேல் போகாது.

ஆடியில் தண்ணீர் கூடிப் பரிசலை நிறுத்திவிடுவார்களே, அந்த மேகமூட்டத்துக்கு 400 ரோல்தான் சரி. 1/250 நொடி, எஃப் 8-ல் ஆரம்பியுங்கள், இன்னும் இருட்டினால் 5.6. அப்பா வீட்டில் இருக்கிற நாட்களும் அவைதான்.

ஊட்டியில் இந்துஸ்தான் போட்டோ பிலிம்ஸ் ‘இந்து’ ரோல் போட்டுக்கொண்டிருந்த காலம் போய்விட்டது. இப்போது பெரும்பாலும் இறக்குமதி ரோல், விலையும் அப்படித்தான். எனவே முதல் ரோலை அருவிக்கு எடுத்துப் போகாமல், வீட்டைச் சுற்றியே வெவ்வேறு தூரத்தில், வெவ்வேறு வேகத்தில் எடுத்து, எந்தப் படத்துக்கு என்ன வைத்தீர்கள் என்று எழுதி வையுங்கள். கேமராவின் கோளாறு எது, கையின் கோளாறு எது என்று அதில் தெரிந்துவிடும். கழுவக் கூரியரில் அனுப்பும்போது, ஸ்கேன் மட்டும் போதாது, நெகட்டிவும் திரும்ப வேண்டும் என்று லேபுக்குச் சீட்டு எழுதி வைத்து அனுப்புங்கள்.